ஆறக்கூடாத பீனிசம்

எங்கள் வீட்டில் சளி வேறு, பீனிசம் வேறு. சளி எல்லோருக்கும் வரும், போகும். பீனிசம் அண்ணனுக்கு மட்டும் சொந்தம். மழைக்காலம் பிறந்துவிட்டால், காலையில் எழுந்ததும் பாயிலேயே உட்கார்ந்து ஒரு பக்கக் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருப்பான். குனிந்தால் முகத்துக்குள் ஈயக்குண்டு உருளுகிற மாதிரி இருக்கிறது என்பான். மூக்கில் மஞ்சளும் பச்சையுமாக வரும். பேச்சு மூக்கைத் தாண்டி வெளியே வராது. இப்போது அதைச் சைனஸ் என்கிறார்கள், படம் பிடித்துக் காட்டுகிறார்கள். அப்போது அண்ணனின் முகம்தான் எங்களுக்குப் படம்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மேல் பல் வலிக்கிறது என்று அவன் அழுதான். அப்பா மலாக்காப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சீனப் பல்காரரிடம் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் நல்ல பல்லாக இருந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. பல்லும் போச்சு, பல்வலியும் போகவில்லை என்று அப்பா பல நாள் சொல்லிச் சிரித்தார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தெங்கேராவில் இருந்த சிலோன் டிரஸ்ஸரிடம் போனார்கள். அவர் ஏதோ ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காயம் கட்டி, வயதாகி ஊரோடு வந்து உட்கார்ந்தவர். அண்ணனைக் குனியச் சொன்னார். கன்னத்தில் விரலால் தட்டினார். அண்ணன் துள்ளினான். இது பல் இல்லை என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முகத்து எலும்பு கட்டியாக இருப்பதில்லையாம். கன்னத்துக்குப் பின்னால் பக்கத்துக்கு ஓர் அறை இருக்கிறதாம். புருவத்துக்கு மேலும் அப்படியே. ஒவ்வொரு அறைக்கும் மூக்குக்குள் திறக்கிற சின்னக் கதவு உண்டு. சளி பிடித்தால் கதவு வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே ஊறுகிற நீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று சீழாகும். மேல் பற்களின் வேர் அந்த அறையின் தரையைத் தொடுவதால்தான் பல் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

“அறைக்குள்ள மருந்து போட ஏலாது, தங்கச்சி,” என்றார் டிரஸ்ஸர். “கதவைத் திறந்து வைக்கிறதுதான் வைத்தியம்.”

காலையும் மாலையும் ஆவி பிடிக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஒரு மூக்கால் உறிஞ்சி விட வேண்டும். பலமாகச் சிந்தக் கூடாது. தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். கடைசியாக அவர் தன் கண் இமையைத் தானே இழுத்துக் காட்டினார். இமை சிவந்து வீங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, அது அறைக்குள் இருக்கிற சமாச்சாரம் இல்லை, வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அம்மா இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, தன் பங்குக்கும் சிலவற்றைச் சேர்த்தார். அந்தி நேரத்தில் தலைக்கு ஊற்றக் கூடாது. ஈரத் தலையோடு படுக்கக் கூடாது. இளநீர், வெள்ளரிக்காய், பழைய சோற்றுத் தண்ணீர் கிட்டேயே வரக் கூடாது. விரலி மஞ்சளை விளக்கில் காட்டிப் புகையை இழுக்க வேண்டும், நெற்றிக்குச் சுக்குப் பற்றுப் போட வேண்டும். நொச்சியும், எலுமிச்சை வாசம் அடிக்கிற செரைப் புல்லும் போட்டுக் கொதிக்கவைத்த பானையை அண்ணன் முன்னால் வைத்து, போர்வையால் மூடிவிடுவார். கொஞ்ச நாளில் டிரஸ்ஸர் சொன்னது எது, அம்மா சொன்னது எது என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் சட்டமாகிவிட்டது. அண்ணனின் இரத்தம்தானே எனக்கும் என்று அந்தச் சட்டங்கள் என் மேலும் விழுந்தன. என் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இளநீர் குடித்து வளரவில்லை.

காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்கு அடுத்தது ஒரு செட்டி வீடு. மலாக்கா செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள். ஆனால் பேச்சு மலாய். அந்த வீட்டு அம்மா சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவார். அத்தை என்று அர்த்தம் வருகிற மலாய்ச் சொல்லால் அவரை மாக்சிக் என்று கூப்பிடுவேன். அவர் கணவர் பாக்சிக். அவர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பெண் குழந்தை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அம்மாவுக்கு மலாய் அரைகுறை, மாக்சிக்குக்குத் தமிழ் சாமி பெயர்களோடு சரி. இருந்தும் கிணற்றடியில் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளி வந்தது. உப்பும் இல்லாமல் போனதால் கிளேபாங் கடற்கரைக்கு நடந்துபோய்த் தகரத்தில் கடல் தண்ணீர் எடுத்து வந்து காய்ச்சினோம். அந்த உப்பில் ஒரு பிடியை அம்மா தனியாக எடுத்து வைப்பார். அது சமையலுக்கு இல்லை, அண்ணன் மூக்குக்கு. குழம்புக்கு உப்பில்லாத நாளிலும் அண்ணன் மூக்குக்கு உப்பிருந்தது.

அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன பாதையைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. இத்தனை வருஷம் பராமரித்த பாதையை அப்பாவும் அவர் கூட்டாளிகளுமே கழற்றினார்கள். கழற்றிய தண்டவாளத்தை, சயாம் காட்டில் ஜப்பான்காரன் போடுகிற புது ரயில் பாதைக்கு ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் ஏற்றியவர்களையும் அதே ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் வேலை, முடிந்ததும் வந்துவிடலாம் என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு அப்பாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அந்தக் காட்டில் மழை நிற்பதே இல்லை என்றும், காலையில் வேலைக்குப் போனவனை மாலையில் புதைக்கிறார்கள் என்றும், எப்போதாவது படியளக்கும் அரிசிக்கு நிற்கிற வரிசையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் வந்தால் பேச்சை மாற்றுவார்கள்.

எங்கள் வரிசை வீடுகளுக்கு ஜப்பான்காரன் ஒரு தலைவரை வைத்திருந்தான். தமிழர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கழுத்திலும் கத்தி இருந்தது. ஒரு மழைநாளில் அவர் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். மறுபடியும் சயாமுக்கு ஆள் கேட்கிறார்கள், உங்கள் மகன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், மழை விட்டதும் பள்ளிக்கூடத் திடலில் ஜப்பான் டாக்டர் வந்து பார்ப்பார், உடம்பு சரியாக இருப்பவர்கள் அங்கிருந்தே லாரியில் ஏற வேண்டும் என்றார்.

“இவங்க அப்பாதான் போயிருக்காருல்ல,” என்றார் அம்மா.

“அது போன கணக்கும்மா. இது இந்தக் கணக்கு.”

அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவன் தலைவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. லாரி என்றதும் அண்ணன் முன்னால் உட்காருவானா பின்னால் உட்காருவானா என்று யோசித்தேன்.

அடுத்த சில நாளில் அரிசி வரிசையில் பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாள். அவள் தங்கை மகனையும் இப்படித்தான் கூப்பிட்டார்களாம். அன்றைக்கு அவனுக்கு ஜுரம், மூக்கெல்லாம் சீழ். டாக்டர் பார்த்துவிட்டுத் தூரப் போ என்று விரட்டிவிட்டாராம். ரயில் பெட்டிக்குள் ஒருவனுக்கு நோய் இருந்தால் எல்லோருக்கும் ஒட்டும் என்று ஜப்பான்காரனுக்குப் பயம். அம்மா கேட்டுக்கொண்டார். அரிசியை வாங்கிக்கொண்டு, நான் பின்னால் ஓடி வரும்படி வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

அன்றைக்கு அந்தியில் அம்மா அண்ணனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“குந்துடா.”

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பிறகு குந்தினான். அம்மா வாளி வாளியாக இறைத்து அவன் தலையில் ஊற்றினார். மழைக்காலக் கிணற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அவன் பல் கிட்டிக்கொண்டது. துவட்டத் துண்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டுவிட்டார். ஈரத் தலையோடு அவன் வாசலில், காற்று அடிக்கிற பக்கமாக உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டமெல்லாம் தலைகீழாயிற்று. ஆவிப் பானை கவிழ்ந்து கிடந்தது. மூக்குக்கு வைத்திருந்த உப்பு குழம்புக்கு வந்தது. சுக்கு இல்லை, மஞ்சள் புகை இல்லை. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து அம்மா இளநீர் கேட்டு வாங்கினார். பிள்ளைக்கு உடம்புச் சூடு என்று மாக்சிக்கிடம் சொன்னார். பாக்சிக்கே ஏறிப் பறித்துப் போட்டார். அவர் வெட்டிக் கொடுக்க, அண்ணன் வாசலில் நின்று குடித்தான். நான் தூணைக் கட்டிக்கொண்டு அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் குடும்மா.”

“ஒனக்கு ஒத்துக்காது.”

“அவனுக்குத்தானே ஒத்துக்காதுன்னு சொல்லுவீங்க?”

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணன்தான் காயை இறக்கிவிட்டு, அடைத்த மூக்கோடு சொன்னான்: “என் மூக்க நீ எடுத்துக்கிட்டா எளநிய ஒனக்கே தந்துடுறேன்.”

பையன் என்றால் ஒரு நியாயம், பெண் என்றால் ஒரு நியாயம் என்று நான் அப்போது முடிவு செய்தேன். லாரியில் ஊர்சுற்றப் போகிற மகனுக்கு அம்மா செல்லம் கொடுக்கிறார். எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் மட்டைதான். உள்ளே ஒட்டியிருந்த வழுக்கையை வழித்துத் தின்றேன்.

அண்ணனுக்கு நோய் வந்தது. முதலில் சளி. பிறகு கன்னம் கனத்தது. ஒரு பக்கத்து மூக்கிலிருந்து நாற்றத்தோடு சீழ் வரத் தொடங்கியது. ஜுரம் ஏறியது. அவன் முனகினால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். சாதாரணமாக அவன் தும்மினாலே பானையை அடுப்பில் ஏற்றுகிறவர், இப்போது அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

டிரஸ்ஸர் தம் சைக்கிளில் எப்போதாவது எங்கள் தெருப்பக்கம் வருவார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். அது தடக் தடக் என்று வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். நான் வாசலில் நின்றிருந்தேன்.

“என்ன பிள்ளை, உன்ர அண்ணன் எப்பிடி?” என்று கேட்டார்.

நியாயம் கேட்க ஓர் ஆள் கிடைத்தார் என்று எனக்குச் சந்தோஷம். நான் சாதாரணமாகப் பெரியவர்களிடம் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குத் திறந்துவிட்டேன். அம்மா அண்ணனுக்கு மட்டும் இளநீர் கொடுக்கிறார், அந்தியில் தலைக்கு ஊற்றுகிறார், ஆவியே பிடிக்கவிடுவதில்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். டிரஸ்ஸர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணனைப் பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போனார். அங்கே அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே போனேன். நியாயம் வழங்கப்படுவதைப் பார்க்க வேண்டாமா?

“தங்கச்சி, நீ என்ன செய்யிறாய் எண்டு உனக்குத் தெரியுதோ?”

அம்மா துணியைப் பிழிந்தபடியே, “தெரியுங்க,” என்றார்.

“இது மூளைக்குப் போனால் பிள்ளை செத்துப்போவான்.”

“இங்க போனா நான் பக்கத்துல இருப்பேங்க. அங்க போனா எந்தக் குழியில கெடக்கிறான்னுகூட எனக்குத் தெரியாது. ஒருத்தரை அப்படி விட்டுட்டு உக்காந்திருக்கேன். இன்னொருத்தனையும் விடச் சொல்றீங்களா?”

டிரஸ்ஸர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தும் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அம்மாவைப் பார்க்காமல், கிணற்றுக்குள் பார்த்துப் பேசினார்.

“தண்ணி ஊத்தினது காணும். இனி ஊத்தாதே. ஆவியும் உப்பும் இல்லாமல் விட்டாலே கதவு அடைச்சுத்தான் கிடக்கும். ஆனால் கண்ணைப் பார்த்துக்கொண்டிரு. இமை சிவந்தால் திடலையும் பாராதே, ஜப்பான்காரனையும் பாராதே. என்னட்டக் கொண்டு வா.”

போகும்போது என் தலையில் கை வைத்தார். அவரும் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும் நான் தலையைச் சாய்த்துக் கையை விலக்கினேன்.

மழை விட்டது. திடலுக்குப் போகிற நாள் காலையில் அண்ணனால் நேராக நிற்க முடியவில்லை. குனிந்தால் வலி, நிமிர்ந்தால் மயக்கம். அம்மா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் இறங்கும்போது அடுத்த வீட்டிலிருந்து பாக்சிக் பார்த்தார். அவர் ஜப்பான்காரனுடைய விறகுக் கிடங்கில் வேலை செய்தவர். அதற்கு அடையாளமாகச் சட்டையில் ஒரு துணிச்சீட்டு குத்தியிருக்கும். அந்தச் சீட்டு இருந்தால் சயாமுக்குக் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. பனியனோடு விறகு பிளந்துகொண்டிருந்தவர், கோடரியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அண்ணனைப் பின்னால் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

திடலில் வரிசை நீளமாக நின்றது. மரத்தடியில் மேஜை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துப்பாக்கிக்காரர்கள். எங்கள் வரிசைத் தலைவர் கையில் காகிதத்தோடு நின்றார். அப்பால் லாரி. அதில் ஏற்கனவே ஏறியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான்.

அண்ணன் முறை வந்தது. டாக்டர் அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அண்ணன் கத்தினான். மூக்கிலிருந்து வந்தது டாக்டரின் கைமேல் வழிந்தது. டாக்டர் சட்டென்று எழுந்து கையை உதறினார், வாயைத் துணியால் பொத்திக்கொண்டார், ஏதோ சொன்னார். ஒரு துப்பாக்கிக்காரன் அண்ணனைத் தோளில் பிடித்து வரிசைக்கு வெளியே தள்ளினான். அவன் தரையில் விழுந்தான். அம்மா ஓடிப்போய் அவனைத் தூக்கவில்லை. இருந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

தூக்கியது பாக்சிக். வேலியோரம் நின்றவர் உள்ளே ஓடிவந்து அண்ணனைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்.

மேஜைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. தலைவரின் காகிதத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. துப்பாக்கிக்காரன் பாக்சிக்கைக் காட்டி யார் இவன் என்று கேட்டிருப்பான் போலிருக்கிறது. தலைவருக்குப் பாக்சிக்கை நன்றாகத் தெரியும். விறகுக் கிடங்கு ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்சிக் தம் பனியனைத் தடவிப் பார்த்தார். சீட்டுக் குத்திய சட்டை வீட்டில் ஆணியில் தொங்கியது. அவர் மலாயில் அவசர அவசரமாக எதையோ விளக்கினார். டாக்டர் அவர் மார்பில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். தலையாட்டினார்.

லாரியில் ஏறும் முன் பாக்சிக் அம்மாவைத் திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னார். சைக்கிளை வீட்டில் விட்டுவிடுங்கள் என்று சொன்னதாக அம்மா பிறகு சொன்னார்.

அம்மா சைக்கிளைத் தள்ளினார். அண்ணன் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார். அதுவரை நான் சைக்கிளில் ஏறியதே இல்லை. தெருவில் தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணனும் போகவில்லை, சைக்கிளும் கிடைத்தது. அம்மா ஏன் அழுதுகொண்டே தள்ளுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மாக்சிக் வாசலில் நின்றார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடிக்கும் முன்னே மாக்சிக் உள்ளே ஓடி அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. திரும்பி வரும்போது சட்டை அவர் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணனின் ஒரு கண் திறக்கவில்லை. இமை சிவந்து, பழுத்த ஜம்புப் பழம் மாதிரி வீங்கியிருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் பெரிதாக ஒரு சத்தம் போட்டார். டிரஸ்ஸர் வீடு தெங்கேராவில். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டும் போக முடியாது. நான் ஒருத்திதான் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு மாக்சிக் வந்தார். முந்தின நாள் உடுத்திய அதே சாரோங், தலைகூட வாரியிருக்கவில்லை. கண்ணைப் பார்த்தார். பாயில் உட்கார்ந்து அண்ணனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பெர்கிலா,” என்றார். போ என்று அர்த்தம்.

அம்மா நகரவில்லை. வாசற்படியில் நின்று மாக்சிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். மாக்சிக் இன்னொரு முறை கையை வீசிப் போகச் சொன்ன பிறகுதான் ஓடினார். அம்மா வரும்வரை மாக்சிக் உப்பைத் துணியில் கட்டி அடுப்பில் சுடவைத்து அண்ணனின் கன்னத்தில் ஒற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் உப்பு இருந்த இருப்புக்கு, அது அந்த வீட்டு உப்பு முழுவதுமாகத்தான் இருக்கும்.

டிரஸ்ஸர் வந்தார். சண்டைக்கு முன்பிருந்தே ஒளித்துவைத்திருந்த வெள்ளை மாத்திரைகளை மடியிலிருந்து எடுத்தார். யாருக்காக வைத்திருந்தாரோ தெரியாது. விடாமல் கொடுக்கச் சொன்னார். கவிழ்ந்து கிடந்த பானை மறுபடி அடுப்பில் ஏறியது. அம்மா இடைவெளி விடாமல் ஆவி பிடிக்கவைத்தார், உப்புத் தண்ணீர் விட்டார். நான் நொச்சி பறிக்கப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். டிரஸ்ஸர் தினமும் வந்து இமையைத் தூக்கி, இது எத்தனை விரல் என்று கேட்பார். முதலில் அண்ணன் தவறாகச் சொன்னான். பிறகு ஒருநாள் சரியாகச் சொன்னான். டிரஸ்ஸர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அண்ணன் பிழைத்தான். கண்ணும் தப்பியது. ஆனால் வாசனை போனது போனதுதான். அவன் கல்யாணத்தில் மல்லிகையை முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லோரும் சொல்கிறார்களே என்று தலையாட்டினான். தெருவெல்லாம் வாசம் அடிக்கிற டுரியான் பழத்தை வீட்டில் அறுத்தாலும் அவனாக வந்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மரவள்ளியில் பாதி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அம்மா வேகவைத்ததும் முதலில் மாக்சிக்கின் மகளைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். அவளுக்குப் போட்டதற்குப் பிறகுதான் எனக்கு. எங்களுக்கே இல்லை, அவளுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். அம்மா என் பங்கிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். முன்பு அண்ணனுக்கு, இப்போது இவளுக்கு; இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் யாரும் இல்லை என்று வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் தேறியதும் அந்த வீட்டுத் தண்ணீரெல்லாம் அவன்தான் இறைத்தான், தென்னையும் அவன்தான் ஏறினான்.

சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் அம்மாவும் மாக்சிக்கும் சேர்ந்து போய் விசாரிப்பார்கள். இரண்டு பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இரண்டு பெயரையும் தெரிந்தவர் யாரும் வரவில்லை.

சில வருஷத்துக்கு முன் எனக்கே மூக்கடைத்து முகம் கனத்தது. கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் டாக்டர் பார்த்தாள். உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னாள், ஆவி பிடிக்கச் சொன்னாள், கண் வீங்கினால் உடனே வரச் சொன்னாள். எல்லாம் தெரிந்த பாடம். சின்ன வயதில் இளநீரும் அந்திக் குளியலும் சேர்ந்து அண்ணனுக்கு இது வந்த கதையைச் சொல்லி, நான் இளநீர் குடிக்கலாமா என்று கேட்டேன். சிரித்தாள். இளநீராலோ தலைக்குக் குளிப்பதாலோ இது வருவதில்லை பாட்டி, சளிக்குப் பிறகு கிருமி தங்கினால் வருவது, அந்தப் பிள்ளைக்கு வர இருந்தால் எப்படியும் வந்திருக்கும் என்றாள். அம்மா அப்போது இல்லை, அண்ணனும் இல்லை. இந்தச் சேதியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று தெரியாமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா மாக்சிக்கிடம் எப்போதாவது உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் கடைசிவரை விடவில்லை. மாக்சிக் வீட்டு முன்கட்டில் நல்ல கனத்த மர நாற்காலிகள் இருந்தன. அம்மா வந்தால் மாக்சிக் துண்டால் ஒன்றைத் தட்டி நகர்த்திப் போடுவார். அம்மா ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. மாக்சிக்கின் நாற்காலிக்குக் கீழே, அவர் காலடியில், சுவரில்கூடச் சாயாமல் தரையில் உட்காருவார். மாக்சிக் எத்தனையோ முறை கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அம்மா எழவில்லை. வெயில் காலத்தில் தரைதான் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு, நானும் போய் அம்மா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொள்வேன்.